வானத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்

கண்ணு,

சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றில் படிக்கிற சங்கதி இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை எடுத்தேன். நீ "சொல்லுங்கம்மா" என்று ஆரம்பிக்கும்போதே பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள். "அப்பறமா கூப்பிடறேனுங்கம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. நேரில் பேசலாம் என்றால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்புகிறாய், நடுவில் சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று சொல்லிக்கொண்டு வர வேண்டிய இடங்கள் ஏகப்பட்டது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற பிள்ளையைப் பார்க்க சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும்போது நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உன்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய் இதைப் பேசினால் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும். உன் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் எல்லாம் நான் எழுதியதுதான், அதில் பாதி பொய்க் காய்ச்சல்.

உனக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, நீ கேட்ட இரண்டு வேட்டி, அப்பாவின் பழைய ஸ்வெட்டர். சின்னக் குக்கர் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். நான் சொல்ல வந்தது அந்தக் குக்கர் வாங்கப் போன இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் உன் அப்பாவைக் கொஞ்சம் தாண்டிப் போக வேண்டும். நம் வீட்டில் எதைப் பேசினாலும் அவரைத் தாண்டித்தானே போக வேண்டியிருக்கிறது, இருந்தபோதும் சரி, இல்லாதபோதும் சரி.

கோயமுத்தூரில் செய்கிற மோட்டாரும் கிரைண்டரும் நாடெல்லாம் போகிறது. அதன் மேல் கம்பெனி பெயரும் குதிரைத்திறனும் வோல்ட்டேஜும் போட்ட வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அதை அச்சடித்துத்தான் உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தோம். கணபதியில் நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை உனக்கு மறந்திருக்காது. ஸ்டிக்கர் அடிக்கிற பிளாஸ்டிக் பிலிம் உருளையில் இருந்து பிரிந்து வரும்போது படபடவென்று சத்தம் போடும். பக்கத்தில் கை கொண்டுபோனால் கைமுடி எல்லாம் எழுந்து நிற்கும். தை, மாசியில் காற்று வறண்டு கிடக்கும்போது இன்னும் மோசம், ஊரில் இருக்கிற தூசியை எல்லாம் அந்தப் பிலிம் இழுத்து மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்காக அப்பா உருளைக்குக் குறுக்கே ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அது பிலிமை உரசுகிற மாதிரி வைத்து, மறுநுனியைக் கொட்டகைக்கு வெளியே எர்த் குழாயில் முறுக்கி விட்டிருந்தார். கம்பி கழன்றிருந்த ஒரு நாள் நீ பிலிமைத் தொட்டுவிட்டு இரும்புச் சட்டத்தைத் தொட்டாய். பொட்டென்று ஒரு பொறி. நீ ஊரைக் கூட்டி அழுதாய். அப்பா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். "ஒண்ணுமில்ல சாமி, அதுக்குப் போறதுக்கு வழி இல்ல, உன்ற மேல ஏறிப் போச்சு" என்றார். அன்றைக்கே கம்பியைச் சரியாகக் கட்டினார்.

அவருக்கென்று ஒரு ஸ்டிக்கர் வைத்திருந்தார். இரண்டு விரல் அகலம், வெள்ளி நிறம், நீல எழுத்தில் "சென்னியப்பன், கோவை". ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கொட்டகையைக் கழுவி, எந்திரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டுவார். எந்திரத்தோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. மொபெட், பிரிட்ஜ், பீரோ, உன் ஜாமெட்ரி பாக்ஸ், குடிதண்ணீர் டிரம் என்று எதையும் விடவில்லை. "என்ற நெத்தி ஒண்ணுதான் பாக்கிங்க, அதுலயும் ஒட்டிப் போடுங்க" என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, நெற்றியைப் பார்த்து, "எடம் பத்தாது அம்மணி" என்றார். இப்போது பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவர் பெயரில்தான் கை படுகிறது.

நீ செயற்கைக்கோள் செய்கிற கம்பெனியில் சேர்ந்து பெங்களூரில் இருந்து முதல்முறை வந்தபோது, உன் வேலை என்ன என்று அப்பா கேட்டார். சாப்பாட்டு மேசையில் டம்ளரை எல்லாம் எடுத்து வைத்து நீ விளக்கினாய். நான் பி.காம். எனக்கு எலெக்ட்ரான் பற்றித் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு நீ ரசத்தை ஆற விட்டுவிட்டுச் சொன்னதுதான். வெளி என்பது வெறும் இடம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மின்துகள்கள் மழை மாதிரி வந்து செயற்கைக்கோளின் மேல் படும் என்றாய். வெயில் படுகிற பக்கத்தில் வெயிலே அதைக் கொஞ்சம் தட்டிவிடும், இருட்டுப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகும். அதிலும் துருவத்துக்கு மேலே இருட்டில் போகும்போது, சூரியன் சீறுகிற நாளாக இருந்தால், கொட்டோ கொட்டென்று கொட்டும். உலோகமாக இருந்தால் வந்ததைப் பக்கத்தில் பகிர்ந்துவிடும், பிளாஸ்டிக்காக இருந்தால் தன்னிடமே வைத்துக்கொள்ளும். "மேல மின்சாரம் ஏறுறது பிரச்சனை இல்லீங்கப்பா. பக்கத்துல இருக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் வந்துதுன்னா, அப்பத்தான் தாவும். தாவுச்சுன்னா பொறி. அந்தப் பொறியில உள்ள இருக்கற மூளை கலங்கிப் போகும்" என்றாய். அப்பா உடனே, "எர்த் போட்டுற வேண்டியதுதான?" என்றார். "அங்க எர்த்தே இல்லீங்கப்பா. பூமி எங்கியோ கீழ கெடக்குது" என்று நீ சொன்னதும் அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். செம்புக் கம்பியைக் கட்ட ஒரு குழாய்கூட இல்லாத இடத்துக்கா பிள்ளை வேலை செய்கிறான் என்று நினைத்திருப்பார். அதற்கு ஒரே வழி, ஒன்றை ஒன்றோடு இணைத்துவிடுவது, ஏறினால் எல்லாம் சேர்ந்து ஏறட்டும், இறங்கினால் சேர்ந்து இறங்கட்டும் என்றாய். மேலே போர்த்துகிற தங்க நிறப் போர்வையைக்கூட அடுக்கடுக்காகச் சேர்த்துப் பட்டையால் உடம்போடு இணைப்போம், அந்த வேலையைப் பார்க்கிறது நம்ம ஊர்ப் பொண்ணுதான், பேர் முபீனா, டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடைக்காரர் மகள் என்றாய். அப்படித்தான் அவள் பெயர் நம் வீட்டுக்குள் வந்தது.

பங்குனியில் அப்பா போனார். காலையில் இட்லி சாப்பிட்டவர் மதியம் இல்லை. முபீனா தன் அப்பாவோடு வந்திருந்தாள். பெரிய கூட்டத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அடுப்படிக்கு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுகை வந்தா அழுதுருங்கம்மா, உள்ள வெச்சுக்காதீங்க" என்றாள். அன்றைக்கு எத்தனையோ பேர் எனக்குத் தைரியம் சொன்னார்கள். அழச் சொன்னது அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீ ஊருக்கு வரவில்லை, செயற்கைக்கோளைப் பெட்டியில் அடைக்கிற வேலை இருந்தது. சாயங்காலம் என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். தங்கப் போர்வை முடிகிற ஓரத்தில், பின்பலகையில், ஒரு கேபிள் நுழைகிற வாய்க்குப் பக்கத்தில், "சென்னியப்பன், கோவை". கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா மேலே போறாரும்மா". நான் அந்தப் போனை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், மறைக்க மாட்டேன். ராக்கெட் கிளம்புவதை டிவியில் காட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, அதோ போறாரு பாருங்க என்று சொன்னவள் நான். அந்த ஸ்டிக்கர் பிலிமோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவள், செம்புக் கம்பி இல்லாமல் அது என்ன செய்யும் என்று கையில் வாங்கித் தெரிந்தவள். மேலே போகிற ஸ்டிக்கரும் பிளாஸ்டிக்தான், அதிலும் மின்சாரம் ஏறும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. பாசம் வந்துவிட்டால் புத்தி வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

மாசியில் ஒருநாள் செயற்கைக்கோள் பேச்சை நிறுத்திவிட்டது என்றாய். சூரியன் சீறிய நாள், துருவத்து இருட்டுக்குள் போனது, மறுபக்கம் வந்தபோது வாய் திறக்கவில்லை. எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்தது. எனக்கு இன்னொரு சாவு மாதிரி இருந்தது. அடுத்த மாசம் அப்பாவின் வருஷத் திதிக்கு நீ வந்தாய். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தாய். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "அந்தப் போட்டோவ அழிச்சிருங்கம்மா" என்றாய். எந்தப் போட்டோ என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரு திருகாணிகூட எழுதி வெக்காம மேல ஏத்தக் கூடாதுங்கம்மா. நான் அந்த ஸ்டிக்கர ஒட்டுனது யாருக்கும் தெரியாது" என்றாய். "அதனாலதான் ஆச்சா?" என்றேன். "தெரியலீங்கம்மா. யாருக்கும் தெரியாது. மேல போயி யாரு பாக்கறது?" என்றாய். உன் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. துக்க வீட்டில் பிள்ளையைக் கேள்வி கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். போட்டோவை அழிக்கவும் இல்லை.

இப்போது குக்கருக்கு வருகிறேன். போன வாரம் டவுன்ஹாலுக்குப் போனேன். பாத்திரக்கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில், நல்ல கடை என்று பார்த்து நுழைந்தால் கல்லாவில் முபீனா உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். "ஏனம்மணி, லீவுல வந்தயா?" என்றேன். எழுந்து நின்றாள். "லீவு இல்லீங்கம்மா. வேலைய விட்டு அனுப்பிச்சுட்டாங்க" என்றாள். அவள் அப்பா உள்ளே இருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார், டீ வரவழைத்தார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்ததாம். மின்சாரம் சேர்ந்து பொறி தாவியதுதான் காரணமாக இருக்க வேண்டும், போர்வையின் இணைப்புப் பட்டை சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்க வேண்டும், வேறு எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று எழுதினார்களாம். அந்தப் பட்டையை இணைத்தவள் அவள்.

"மீட்டர் வெச்சு அளந்தேனுங்கம்மா. சரியாத்தான் காட்டுச்சு. ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. அளந்ததா நெனச்சுட்டு அளக்காம உட்டுட்டனோ என்னமோ" என்றாள். பேசிக்கொண்டே என் குக்கரின் கைப்பிடித் திருகாணியை ஸ்க்ரூடிரைவரால் முடுக்கினாள். முடுக்கி வைத்துவிட்டு மறுபடியும் எடுத்து முடுக்கினாள். அவள் அப்பா மெதுவாக அவள் கையில் இருந்து அதை வாங்கி வைத்தார். "இப்படித்தானுங்க, வந்ததுல இருந்து. ராத்திரில ஊட்டுல கேஸ் அடுப்பக்கூட எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குது" என்றார். நீ சொல், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அதோடு விட்டாளா? "பிரபு அண்ணன் எனக்காக ரொம்பப் பேசுனாருங்கம்மா. சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிருச்சு, இந்த ஒரு தடவை மன்னிச்சு உடுங்கன்னு பெரியவங்ககிட்டக் கேட்டாராம். அந்த நன்றிய மறக்க மாட்டேனுங்கம்மா" என்றாள்.

கண்ணு, எனக்கு அந்த இடத்தில் உடம்பு கூசியது. நீ வாய் மூடி இருந்தாய் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட பயத்தில் இருந்திருக்கிறான் என்று நினைத்து ஆறியிருப்பேன். செய்யாத தப்புக்கு அவளுக்கு மன்னிப்பு வாங்கித் தரப் பார்த்திருக்கிறாய். அதை அவள் நன்றி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். பழி போட்டவனைத் திட்டலாம், எதிர்த்து நிற்கலாம். பரிந்து பேசியவனை என்ன செய்ய முடியும்? உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதினால் இந்தத் தாள் பத்தாது. வீட்டுக்கு வந்து குக்கரை உன் சாமானோடு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

தங்கவேல் என்று ஒருத்தரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கொட்டகையில் அப்பாவோடு அச்சு இழுத்தவர், உன்னைத் தோளில் உட்கார வைத்து பவானி கூடுதுறைக்குக் கூட்டிப்போனவர். திடீரென்று ஒருநாள் வராமல் நின்றபோது நீ அழுதாய், சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னோம். அது பொய். ஒரு பம்பு கம்பெனிக்கு அடித்த ஸ்டிக்கரில் வோல்ட்டேஜ் மாறி அச்சாகிவிட்டது. அதை நம்பி இணைப்புக் கொடுத்து உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் மோட்டார் புகைந்தது. கம்பெனிக்காரர் வந்து நின்றபோது உன் அப்பா, "வேலைக்காரப் பையன் அச்சுப் பிலிம மாத்தி வெச்சுட்டானுங்க" என்றார். தங்கவேல் பக்கத்தில்தான் நின்றார். மாற்றிக் கொடுத்தது உன் அப்பா. இரண்டு பேருக்கும் அது தெரியும். தங்கவேல் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன் அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். கடைசியில் கம்பெனிக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சூலூருக்குத் தங்கவேலைத் தேடிப் போனார். அவர் ஒரு விசைத்தறியில் சேர்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்தி வெளியே வந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், திரும்பி வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். "பரவால்லீங்க. அதுக்கென்னங்க. பையனக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார் அவர். அவ்வளவுதான். வரவே இல்லை. நம் ஊர் மரியாதை அப்படிப்பட்டது கண்ணு, ஒரு "ங்க" போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் எந்தச் சாவியும் திறக்காது. பஸ்ஸில் வரும்போது உன் அப்பா, "அவன் என்னைய நாலு வார்த்தை வைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் அம்மணி" என்றார். சாகிறவரைக்கும் சூலூர் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை உனக்கு நான் சொல்லியிருக்கவே மாட்டேன். நீ வானத்தில் ஒட்டிய பெயர் அப்படிப்பட்ட ஒரு மனுஷனின் பெயர். உண்மையைச் சொன்னவர்தான், ஆனால் காலம் கடந்து சொன்னவர். அதனால் அவருக்கு என்ன ஆனது என்று கூடவே இருந்து பார்த்தவள் நான்.

ஸ்டிக்கர்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது என்கிறாய். சரி, இருக்கட்டும். பட்டையாகவும் இருக்கலாம், ஸ்டிக்கராகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாத வேறு ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குழு உட்கார்ந்தபோது அவர்கள் முன்னால் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று உன் சட்டைப்பைக்குள் இருந்தது. "வேறு எதுவும் அந்த இடத்தில் இல்லை" என்று அவர்கள் எழுதியபோது நீ அந்த அறையில்தானே இருந்தாய்? நாளைக்கு உன்னை மாதிரி இன்னொரு பிள்ளை, தன் அம்மா பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ எதன் மேலாவது ஒட்டி அனுப்புவான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பதோடு சேராமல் தனியாக ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்காதவள் இல்லை நான். ஜெர்மனிக்காரன் வேண்டாம் என்று சொல்லலாம். இங்கேயும் கதவு சாத்தப்படலாம். போனால் போகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. எனக்கும் ஒன்று போகிறது. உன் அப்பாவின் பெயர் ஒரு அறிக்கையில் ஏறும், செயற்கைக்கோளைக் கெடுத்தது இது என்று. இந்த ஊரில் ஆயிரம் மோட்டாரில் யாரும் படிக்காத ஸ்டிக்கர் அடித்த மனுஷனின் பெயரைப் பெரிய மனிதர்கள் முதல் தடவையாக உட்கார்ந்து படிப்பது அதற்காகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பெண் தன் கையைத் தானே பார்த்துப் பயப்படுகிறாளே, அதற்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

இனி எழுதப்போவதைப் படித்து நீ என் மேல் கோபப்படுவாய். படு. முந்தாநாள் மறுபடியும் கடைக்குப் போனேன். முபீனாவைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் போட்டோவைக் காட்டினேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை, "அங்கிள் பேருங்களா?" என்று சிரித்தாள். அப்புறம் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கேபிள் வாயைப் பார்த்தாள், போர்வையின் ஓரத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, "அப்ப நான் அளந்ததா ஞாபகம் இருக்கறது நெசந்தானுங்களா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டாள் கண்ணு. பட்டை என்றால் என்ன, மீட்டர் என்றால் என்ன என்று தெரியாத என்னிடம். "நெசந்தான் அம்மணி" என்றேன். தப்போ சரியோ, சொல்லிவிட்டேன். அவள் அங்கேயே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

போட்டோவை அவள் போனுக்கு அனுப்பினேன். "நீ யாருக்கு வேணும்னாலும் காட்டு. நாங் குறுக்க வரமாட்டேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் ஊருக்குப் போற வரைக்கும் காட்ட மாட்டேனுங்கம்மா. அவரே சொல்லட்டுங்க" என்றாள். நான் வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டு, "பரவால்லீங்கம்மா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். எனக்குச் சூலூர் ஞாபகம் வந்துவிட்டது. கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை என்று நம்புகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கம்பெனிக்காரர்களிடம் சொன்னால் நம்பலாம். அவள் காட்டி அவர்களுக்குத் தெரிந்த பிறகு நீ சொன்னால் அது சொன்னதாகாது.

உன் பெட்டியை நேற்று வெளியே எடுத்துத் துடைத்தேன். அப்பாவின் ஸ்டிக்கரில் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில். பெட்டியில் ஒட்டி அனுப்ப வேண்டும் என்று நீ போவதாகச் சொன்ன அன்றைக்கே எடுத்து வைத்தேன். நீ சொல்லிவிட்டு வா, நானே ஒட்டித் தருகிறேன். சொல்லாமல் வந்தாலும் வா. சோறு போடுவேன், அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய் ஊற்றுவேன், பொடியெல்லாம் கட்டித் தருவேன், உன்னை ஏற்றிவிடவும் வருவேன், நீ கண்ணை விட்டு மறைகிறவரைக்கும் கையாட்டுவேன். பெட்டி மட்டும் பேர் இல்லாமல் போகும்.

அம்மா